திரிபேஸ் நெட்டு

வீரமணி அண்ணன் எதையும் வீணாக விடமாட்டார். குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும். அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்குப் போகும். மீந்த சோறு கோழிக்குப் போகும். அந்த வீட்டில் வீணாகப் போவது ஒன்றே ஒன்றுதான், அது பரிமளா அண்ணி போடுகிற சத்தம். அண்ணன் காதில் அது ஏறவே ஏறாது. அப்படிப்பட்ட மனுஷன் போன மாசி மாதத்தில் சொந்த மகள் கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தார். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. ஒன்றும் வீணாகக் கூடாது என்கிற எண்ணம்தான்.

என் பெயர் சத்யா. குரும்பலூருக்குத் தெற்கே எங்கள் தெரு. அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு முருங்கை மரம். நான் ஜாக்கெட் தைக்கிறவள். என்னிடம் இருப்பது பட்டன் போன். ‘துணி ரெடியா?’ என்று கேட்கவும் ‘நாளைக்கு வா’ என்று சொல்லவும் அது போதும். அதனால் இந்த நெட்டுச் சமாச்சாரம் எல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அண்ணன் மகள் மணிமொழி பெரம்பலூர்ப் பக்கம் செருப்புக் கம்பெனியில் வேலை செய்கிறாள். தெருமுனைக்கே பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அவளுக்கு ஆண்டிமடத்துப் பக்கம் ஒரு வரன் வந்தது. பையன் பெயர் ரஞ்சித்குமார். போர் வண்டியில் வேலை. ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்தப் பெரிய லாரியோடு சத்தீஸ்கர், மத்தியப்பிரதேசம் என்று சுற்றிவிட்டு மழைக்காலத்துக்குத்தான் ஊர் திரும்புவார்கள். பையனுடைய அம்மா வேம்பு வந்து பெண்ணைப் பார்த்தார். பிடித்துவிட்டது. “தம்பிக்கு இப்ப லீவு கெடைக்காதுங்க. நாங்களே ஞாயித்துக்கெழம வந்து பூ வச்சிட்டுப் போறோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணிமொழி பிடிவாதமாக நின்றாள். “போட்டோவுல எவன்தான் கெட்டவனாத் தெரியறான்? வீடியோ கால்ல வரச் சொல்லுங்க. மொகத்தப் பாத்து நான் ஒன்னு கேக்கணும். கேக்காம பூ வச்சிக்க மாட்டேன்.”

அது என்ன ஒன்று என்று அவளுக்கு அளவெடுக்கும்போது கேட்டேன்.

“கல்யாணம் ஆனதும் வேலைய வுட்டுட்டு ஆண்டிமடத்துல முந்திரிக்கொட்ட பொறுக்கச் சொன்னா நான் என்னத்தே பண்றது? கம்பெனி பஸ்சு அங்கெல்லாம் வருமா?”

“இத போன்லயே கேக்கலாமேடி.”

“வாய் சரின்னுடும் அத்தே. மொகம் கோணுதா இல்லையான்னு பாக்கணும். அதுக்குத்தான் வீடியோ.”

நியாயமாகத்தான் பட்டது. போகும்போது இன்னொன்றும் சொன்னாள். “ஜாக்கெட்டத் தச்சு வைங்க, கொக்கி மட்டும் வைக்காதீங்க. அவர்கிட்டப் பேசிட்டு சொல்றேன். சரியா வரலன்னா உங்க கைவேல வீணாப் போயிடும்.” அப்பன் புத்தி அப்படியே!

பையன் சனிக்கிழமை சாயந்தரம் அஞ்சு மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான். அவன் வேலை செய்கிற காட்டில் டவர் கிடைக்காதாம். இதற்காகவே லாரியிலிருந்து இறங்கி, பக்கத்து டவுனுக்கு வந்து நின்று பேசவேண்டும்.

அன்றைக்குக் காலையில் நாங்கள் வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தோம். அண்ணன் முக்கால் ஏக்கரில் சின்ன வெங்காயம் போட்டிருந்தார். பறித்து உலர்த்தியாயிற்று. தாளை அறுத்துக் குவித்தால், விலை வரும்வரை கெடாமல் இருக்கப் பட்டறை போட்டு மூடிவைக்கலாம். பனி விலகி வெயில் இதமாக ஏறிக்கொண்டிருந்தது. கம்மங்கூழைக் கரைத்து நடுவில் வைத்துவிட்டு, அந்த வெங்காயத்தையே கடித்துக்கொண்டு, ஆளுக்கொரு அரிவாள்மணையோடு உட்கார்ந்திருந்தோம். மணிமொழிக்கு அன்று லீவு. முந்தின நாள் இரண்டாம் ஷிப்ட் முடிந்து அசந்து தூங்கி எழுந்து வந்திருந்தாள்.

“போனு எங்கடி?” என்றார் பரிமளா அண்ணி.

“சார்ஜ்ல கெடக்கு. எழுந்ததும் தூக்கக் கலக்கத்துல வேற எதையும் பாக்காம நெட்ட மட்டும் நிறுத்திட்டேன். சாயந்தரம் வரைக்கும் தொடவே போறதில்ல.”

“நீ தொடாட்டி அது என்ன குட்டியா போடும்?”

“கொறையாம இருக்கும்மா. ஒரு நாளைக்கு ஒன்னர ஜிபிதான். சும்மா எழுத்து படிச்சா எறும்பு திங்கிற மாதிரிக் கொறையும். படம் பாத்தா கோழி திங்கிற மாதிரி. வீடியோ போட்டா மாடு புகுந்த மாதிரிதான். நாம பாக்காட்டியும், ஓட வுட்டா தின்னுக்கிட்டே இருக்கும்.”

அண்ணன் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றார். “மிச்சம் இருந்தா ராத்திரி பன்னெண்டோட போயிடும்னு நீதான சொன்ன?”

“ஆமாம்ப்பா. பன்னெண்டோட அது போயிடும். அடுத்த நிமிசம் புதுசா ஒன்னர வந்துடும்.”

“ஒடனேவா?”

“ஒடனேதான்.”

“விடிஞ்சாப்பல வராதா?”

“இதென்ன ரேஷன் கடையா, விடிஞ்சு வந்து தொறக்க?”

நாங்கள் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. ஒரு தரம் இருமினார். மாட்டுக்குத் தண்ணி காட்டவில்லை என்று சொல்லிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். மாடு அப்போதுதான் வயிறு முட்டக் குடித்துவிட்டுப் படுத்திருந்தது. எனக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் வெங்காயத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கண்ணீரைத் துடைப்பதே பெரிய வேலை, அடுத்தவர் முகத்தை எங்கே பார்ப்பது?

மதியம் கருவாட்டுக் குழம்பும் சோளச்சோறும் சாப்பிட்டோம். அண்ணன் பாதியில் கையைக் கழுவிவிட்டார். சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழுந்த வீரமணி அண்ணனை நான் அதுவரை பார்த்ததில்லை.

நாலரைக்கெல்லாம் மணிமொழி தலை சீவி, பச்சைப் புடவை கட்டி, சன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் அண்ணியும் சமையல்கட்டு வாசலில் நின்றோம். பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்ள ஆளுக்கொரு டம்ளர் வரக்காப்பியைக் கையில் வைத்திருந்தோம். அண்ணன் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் நெட்டைப் போட்டாள். அஞ்சு அடித்துக் கொஞ்ச நேரத்தில் போன் பாடியது. எடுத்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு கட்டம் கட்டமாக ஒரு நெற்றியும் ஒரு கண்ணும் வந்து அப்படியே நின்றுவிட்டன.

“ஹலோ... கேக்... ங்களா...” அதோடு சரி. அறுந்துவிட்டது.

மறுபடி வந்தது. இந்தத் தடவை கண்கூட வரவில்லை, ஒரு காது வந்தது. பரிமளா அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு, “காதுல கடுக்கன் போட்டிருக்கான் போல” என்றார்.

“அம்மா, சும்மா இரு!” மணிமொழி போனைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். பிறகு மெசேஜைத் திறந்தாள். அவள் முகம் சுண்டிப்போனது. “இன்னிக்கு நெட்டு முழுசும் தீந்துடுச்சாம். விடியக்காலைலயே மெசேஜ் வந்திருக்கு. யாரும்மா போன எடுத்தா?”

நாங்கள் மூன்று பேரும் வாசலைப் பார்த்தோம். தரையில் கோடு போடுவது நின்றிருந்தது.

“நேத்து நீ ஷிப்டுக்குப் போனப்ப போன் வூட்லதான கெடந்துச்சு” என்று ஆரம்பித்தார் அண்ணன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் அவள் வேலைக்குப் போகிற நேரமெல்லாம் அது இவர் கையில்தான். “இன்னும் பாதி பாக்கி இருக்குன்னு மெசேஜ் வந்துச்சு. நீயே தமிழ்ல வர்ற மாதிரி பண்ணிக் குடுத்தியே, அதுல படிச்சேன். ராத்திரியோட போயிடுமேன்னு மனசு அடிச்சுக்கிச்சு. சாப்புட்டு வீடியோவப் போட்டு, உனக்குத் தூக்கம் கெடக்கூடாதுன்னு சத்தத்த அடக்கி, சார்ஜரு மாட்டி, மாவு டின்னு மேல கவுத்து வச்சேன்.”

“வச்சிட்டு?”

“படுத்துட்டேன்.”

“நிறுத்தலயா?”

“பன்னெண்டு அடிச்சா அதுவா நின்னுடும்னு நெனைச்சேன் பாப்பா. திரிபேஸ் நின்னா மோட்டார் நிக்கிற மாதிரி.”

இதை நான் கொஞ்சம் விளக்கவேண்டும். அண்ணனுக்குச் சொந்த நிலம் வந்தது இப்போதுதான். அதற்கு முன்பு வாழ்நாளில் பாதி, அடுத்தவர் கிணற்றில் மோட்டார் போடுகிற ஆள் அவர். திரிபேஸ் என்கிற மோட்டார்க் கரண்டு எந்த நேரத்துக்கு வருகிறதோ அந்த நேரத்துக்கு ஓடிப்போய்ப் போட வேண்டும். கரண்டு இருக்கும்வரை ஒரு நொடிகூட மோட்டார் சும்மா இருக்கக் கூடாது. நேரம் முடிந்தால் தானாக நின்றுவிடும். மிச்சத்தை நாளைக்கு வாங்கிக்கொள்ள முடியாது. தூங்கிப்போனால் நிலத்துக்காரர் வாயில் விழவேண்டும். அந்தப் பயம் உடம்பில் ஊறிய மனுஷன், பாதி நெட்டு பாக்கி என்று பார்த்தால் கையைக் கட்டிக்கொண்டு படுப்பாரா? பன்னிரண்டு மணிக்குப் பழைய நெட்டு போய்ப் புது நெட்டு வந்ததும், கவிழ்த்துவைத்த போன் மாவு டின் மேல் கிடந்தபடியே அதையும் குடித்துத் தீர்த்திருக்கிறது.

“காலையில நான் சொன்னேனே, அப்பயே சொல்லியிருக்கலாமில்லப்பா? டவுனுக்குப் போயி வேற நெட்டு போட்டிருப்பேன்ல?”

“சொன்னா நீ பகல் பூரா அழுவியேன்னுதான்...” அண்ணன் குரல் இறங்கிக்கொண்டே போனது. “சாயந்தரத்துக்குள்ள கொஞ்சமாச்சும் ஊறிடும்னு நெனைச்சேன்.”

“ஊறிடுமா?”

“கெணத்துல ஊறாது? அந்த மாதிரி.”

வேறு நாளாக இருந்தால் நான் தரையில் புரண்டு சிரித்திருப்பேன். பரிமளா அண்ணி பிடித்துக்கொண்டார். “ஊறுமாம்ல! ஒங்க மூளைல களிமண்ணுதான் ஊறியிருக்கு. ஒத்தப் பொண்ணு, அது வாயத் தொறந்து கேட்டது ஒரே ஒரு விசயம். அதயும் கவுத்து வச்சிட்டு வந்து படுத்துட்டீங்க!”

மணிமொழி அழுதேவிட்டாள். “அவரு இதுக்குன்னே காட்டுலேர்ந்து டவுனுக்கு வந்து நிக்கிறாரு. திரும்ப எப்ப வருவாரோ? நாளைக்கு அவங்கம்மா பூவோட வந்து நிப்பாங்க. நான் என்னன்னு தலையக் குனியறது? தெரியாத ஆளுக்கு எப்படிம்மா சரி சொல்றது?”

“எதிர்த்த வேல்முருகன் வூட்ல போயி ஹாட்ஸ்பாட்டு கேட்டா என்ன?” என்றேன். அந்த வார்த்தை ஒன்று எனக்கும் தெரியும்.

“நெட்டு குடுப்பாங்க அத்தே, கூடவே குடும்பத்தோட வந்து பின்னாடி நின்னு மாப்ளையப் பாப்பாங்க. அதுக்கு நான் ஸ்பீக்கர் கட்டிப் பேசலாம்.”

அண்ணன் எழுந்தார். டிவிஎஸ்ஸைத் தள்ளினார். “குரும்பலூருக்குப் போயி நெட்டு போட்டுட்டு வந்துடறேன். அவர நிக்கச் சொல்லு பாப்பா” என்றார். வண்டி முதல் உதையில் கிளம்பவில்லை. மூன்றாவது உதையில் கிளம்பியது. அந்த முதுகைப் பார்க்க எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

மணிமொழி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அப்படி என்னதான் பாத்தாரு, பாக்கறேன்” என்று போனைத் திறந்தாள். நெட்டு தீர்ந்தாலும் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து மட்டும் மெதுவாக வருமாம். படம் இல்லாமல் வெறும் தலைப்புகளாக ஒவ்வொன்றாக இறங்கின. அவள் படித்தாள்.

“போர் வண்டியில் ஒரு நாள்... குழாய் இறக்கும்போது கவனம்... பாறைத் தூசியும் போர் வண்டித் தொழிலாளியும்...” அவள் குரல் தேய்ந்தது. விரலால் தள்ளிக்கொண்டே போனாள். நேற்றையது, முந்தாநாளையது, அதற்கு முந்தினது. கீழே இறங்க இறங்க எல்லாமே போர் வண்டி. பையன் வீட்டார் வந்துபோன நாளிலிருந்து தினமும் மனுஷன் இதைத்தான் பார்த்திருக்கிறார்.

“நான் ஏதோ கூத்துப் பாக்கறாருன்னு நெனைச்சேன்டி” என்றார் அண்ணி. “ஒரு நாளு எங்கிட்டக் கேட்டாரு, அந்தத் தூசி கண்ணுல பட்டா என்னத்துக்கு ஆவும்னு. எந்தத் தூசின்னு கேட்டேன், ஒன்னுமில்ல போன்னுட்டாரு.”

மணிமொழி முந்தானையால் முகத்தை நன்றாகத் துடைத்தாள். பிறகு, “வீடியோ என்ன வீடியோ” என்று சொல்லிவிட்டு நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள். சாதாரணப் போன்தான், நான் ஜாக்கெட்டுக்குப் பேசுகிற மாதிரி. “ஹலோ, நான் மணிமொழி பேசறேன்” என்றபடியே வாசல் தாண்டி, வெங்காயக் குவியலைத் தாண்டி, மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்விட்டாள்.

நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். அவள் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு நடந்தாள். பிறகு குனிந்து ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். “பேச்சு நல்லாத்தான் போவுது அண்ணி” என்றேன். கோபத்தில் இருக்கிறவள் வெங்காயம் உரிக்கமாட்டாள்.

வெயில் தாழ்ந்த நேரத்துக்கு அண்ணன் திரும்பி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “போட்டாச்சு. கடையில அஜித்குமாரு நல்ல வெவரமான பையன். இது எக்ஸ்ட்ரா நெட்டாம் சத்யா. இது ராத்திரியோட போவாதாம். பிளான் முடியற வரைக்கும் அப்படியே கெடக்குமாம். பட்டறையில போட்ட வெங்காயம் மாதிரி.” பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் கொட்டகைப் பக்கம் பார்த்துவிட்டு நின்றார். “யாருகிட்டப் பேசுறா?”

“மாப்ள பையன்கிட்டத்தான்.”

“நெட்டு இப்பதான போட்டேன்?”

“நெட்டுல இல்லண்ணே, சாதாரணப் போன்லதான். நீங்க போனதுலேர்ந்து பேசிக்கிட்டு இருக்கா.”

“அது எவ்வளவு நேரம் வுடுவான்? எதுவும் அளவு கெடையாதா?”

“அளவெல்லாம் இல்லையாம். எவ்வளவு வேணா பேசலாமாம்.”

அண்ணன் அங்கேயே வெங்காயத்தாள் மேல் உட்கார்ந்துவிட்டார். “அளவே இல்லையா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கிணற்றில் எட்டிப் பார்க்கிறவர் மாதிரி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணிமொழி வந்தாள். கையில் ஒரு பிடி உரித்த வெங்காயம். கண் சிவந்திருந்தது, வாய் சிரித்தது. அது வெங்காயத்தாலா வேறெதனாலா என்று நான் கேட்கவில்லை.

“வேலையப் பத்திக் கேட்டியாடி?” என்றார் அண்ணி.

“கேட்டேன். அதுக்கு முன்னாடி வேற ஒன்னு கேட்டேன்.” அவள் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். “தூசிக்கு மூஞ்சியில என்ன கட்டுறீங்கன்னு கேட்டேன்ப்பா. எங்கப்பா தெனமும் உங்க வேலையத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்காரு, அதுலதான் நெட்டே தீந்துச்சுன்னு சொன்னேன்.”

அண்ணனுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. “அதயெல்லாம் எதுக்கு அவருகிட்ட...”

“அதுக்கு அவரு சொன்னாரு, ‘எங்க வூட்டுலகூட இத யாரும் கேட்டதில்லீங்க’ன்னு.”

“வேல?” அண்ணிக்கு அதுதான் முக்கியம்.

“வருசத்துல முக்காவாசி நாளு நான் வெளியில கெடக்கறவன், வேலைய வுட்டுட்டு நீங்க யாரப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க, பெரம்பலூர்லயே வூடு பாத்துக்குவோம்னாரு.”

“மொகத்தப் பாக்காம எப்படிடி நம்புன?” என்றேன் நான். விடுவேனா?

“கொரல் கோணலயே அத்தே” என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் பாடியது. வீடியோ கால். மணிமொழி எடுக்காமல் அப்பாவிடம் நீட்டினாள். “உங்கிட்டப் பேசணும்னாரு. நெட்டுதான் போட்டுட்டியே, நீயே மொகத்தப் பாத்துக்க.”

அண்ணன் கையை வேட்டியில் துடைத்துத் துடைத்து வாங்கினார். படம் பளிச்சென்று வந்தது. டவுன் ரோட்டு ஓரமாக ஒரு பையன். குளித்துத் தலை வாரியிருந்தும் புருவத்தில் மட்டும் வெள்ளைத் தூசி ஒட்டியிருந்தது. காதில் கடுக்கன்.

“வணக்கம் மாமா.”

அண்ணன் திரையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அந்தக் கண்ணையே பார்த்தார். “கண்ணு ஏன் தம்பி செவந்திருக்கு?”

“தூசிதான் மாமா. துணி கட்டுவேன். கண்ணாடிதான் போடறதில்ல. வாங்கிடறேன்.”

“வாங்குங்க தம்பி. கண்ணு போனா வராது பாருங்க.” பரிமளா அண்ணி திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. நான் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். எத்தனை அடியில் பாறை வரும், அங்கே சோறு கிடைக்கிறதா, ரொட்டிதானா என்று அண்ணன் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மணிமொழி உரித்த வெங்காயத்தை அம்மா கையில் கொட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அத்தே.”

“என்னடி?”

“கொக்கிய வச்சிடுங்க.”

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அண்ணன் காதில் விழுந்துவிட்டது. பரிமளா அண்ணி இத்தனை வருஷமாகக் கத்தியும் ஏறாத காது அது. அவர் மகளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பக்கம் பையன், “சரி மாமா, வச்சிடட்டுங்களா?” என்றது எனக்குக் கேட்டது.

“வச்சிடாதீங்க மாப்ள” என்றார் அண்ணன். “நெட்டு நெறைய கெடக்கு. ராத்திரியோட போவாதாம்.”